ஜமீலா டீச்சர் என் வகுப்பில் கண்டது

ஜமீலா டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் எட்டாம் வகுப்புக்கு வினாத்தாள் எழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. கொல்லங்கோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் அவருடைய தம்பி போனில் பேசினார். "அக்கா மௌத்தாயிட்டாங்க டீச்சர். விடியறப்பவே முடிஞ்சு போச்சு." அடக்கம் எப்போது என்று கேட்டேன். "மத்தியானத்துக்கு மேலதானுங்க. இசக்கி வந்துட்டிருக்குது. ரொம்ப முடியலைன்னு நேத்தே அதுகிட்டச் சொல்லிட்டோம். உடனே கிளம்பிருச்சு."

போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வரவில்லை. எங்கள் இருவரிடமும் படித்த இசக்கி வடக்கே எங்கேயோ ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறாள். அவளிடம் நேற்றே சொல்லியிருக்கிறார்கள். கோவிந்தாபுரத்தில், பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய என்னிடம் இன்றைக்குத்தான் சொல்கிறார்கள். என் மனதில் முதலில் ஓடியது இதுதான். எழுதவே கூசுகிறது. ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னவர்கள் நான் அவருடைய நெருங்கிய சிநேகிதி என்று நினைத்துச் சொன்னார்கள். ஒரே ஸ்டாஃப் ரூமில் எதிரெதிர் மேஜையில் பதினைந்து வருடம் உட்கார்ந்தவர்கள் சிநேகிதிகளாகத்தான் இருப்பார்கள் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றும். நான் அவர்மேல் பொறாமைப்பட்டவள். அவர் ஓய்வு பெற்ற பிறகும், நோயில் படுத்த பிறகும் பட்டவள். ஜமீலா டீச்சரை நல்லவர், கெட்டிக்காரர் என்று சொல்ல உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

அவர் எங்கள் பள்ளிக்கு வந்தது இடுக்கியிலிருந்து. சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் தமிழ் வகுப்புகளில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் வாங்கி வந்தார். சமூக அறிவியல் ஆசிரியை. அப்போது எங்கள் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் என் பெயர்தான் பெரிது. ஒவ்வொரு வருடமும் ஸ்காலர்ஷிப் தேர்வில் என் பிள்ளைகள் நாலைந்து பேர் ஜெயிப்பார்கள். வாசலில் கட்டும் ஃபிளக்ஸில் அவர்களுக்கு நடுவே என் படம் இருக்கும். உபஜில்லா கல்விக் கூட்டங்களில், "தங்கமணி டீச்சர் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறாங்கன்னு போய்ப் பாருங்க" என்று மற்ற கணக்கு ஆசிரியர்களிடம் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கும்.

வந்த முதல் மாதமே ஜமீலா டீச்சர் என் மேஜைக்கு வந்தார். மெலிந்த உடம்பு. தலையில் போட்ட முக்காடு நழுவிக்கொண்டே இருக்கும், பேச்சுக்கிடையே அதை இழுத்து விட்டுக்கொள்வார்.

"ஏனுங்க டீச்சர், கணக்கை முதல்லயே போட்டு முடிச்சிடற பிள்ளைங்களை அப்புறம் என்ன பண்ணச் சொல்லுவீங்க?"

"திரும்பப் போட்டுப் பார்க்கச் சொல்லுவேன். இல்லைன்னா மத்த பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லுவேன்."

"தெரிஞ்சதையே திரும்பவும் பண்ணச் சொன்னா அதுங்க எப்படிங்க உக்காந்திருக்கும்?"

"உக்காந்துதானுங்க இருக்குது. சத்தமில்லாம."

அவர் சிரித்தார். "அதுதானுங்க எனக்கு பயம். சத்தமில்லாம இருந்து பழகிருச்சுன்னா அப்புறம் ஒண்ணுமே கேக்காது."

வயதில் என்னைவிட ஆறு வருடம் மூத்தவர் என்பதால் நான் பேச்சை மாற்றினேன். சோஷியல் எடுப்பவர் கணக்கு வகுப்பைப் பற்றி என்ன பேசுவது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் அவர் செய்யும் ஒரு காரியம் உங்களில் அவரிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வகுப்பில் ஆளுக்கு அரைத்தாள் கொடுப்பார். "இதுவரைக்கும் யாருமே உங்களுக்குப் பதில் சொல்லாத ஒரு கேள்வியை எழுதுங்க. பேர் எழுதோணும். தப்பா எழுதினா பரவாயில்லை" என்பார். முதல் வருடம் அந்தத் தாள்களை ஸ்டாஃப் ரூமில் பரப்பி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பாதிப் பேர் பாடப் புத்தகத்தின் பின்னால் இருக்கும் கேள்வியை அப்படியே எழுதியிருந்தார்கள். மாந்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை ஒன்று, 'எந்தப் பிஞ்சு உதிரும் என்று மரத்துக்கு முன்பே தெரியுமா?' என்று கேட்டிருந்தது. செக்போஸ்ட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண், 'இங்கே மழை பெய்கிறது, செக்போஸ்ட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இல்லை. மழைக்கு எல்லை எப்படித் தெரிகிறது?' என்று எழுதியிருந்தாள். இரண்டு பேருமே என் வகுப்பில் சுமாரான மார்க் வாங்குகிறவர்கள். ஜமீலா டீச்சர் அந்த இரண்டு தாளையும் தனியே எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

அப்படித் தேர்ந்தெடுத்த ஏழெட்டுப் பிள்ளைகளை வாரத்தில் இரண்டு நாள் மத்தியானம், பழைய லேப் சாமான்கள் போட்டிருந்த அறையில் உட்கார வைக்க ஹெட்மாஸ்டரிடம் அனுமதி வாங்கினார். அங்கே பாடம் நடத்தவில்லை. பிள்ளைகள் கொண்டுவரும் கேள்விக்கு எங்கே பதில் கிடைக்கும் என்று அவர்களோடு சேர்ந்து தேடினார். விவசாய ஆபீசருக்குக் கடிதம் எழுதினார்கள். பழைய மேப்புகளை விரித்து வைத்து, மழை மேகம் நுழைய மலையில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று பார்த்தார்கள். ஸ்டாஃப் ரூமில் ஒருவர், "படிக்காத பிள்ளைங்க அத்தனை இருக்கிறப்ப, படிக்கிறதுங்களுக்கு எதுக்குங்க தனி கவனிப்பு?" என்று கேட்டார். அதற்கு ஜமீலா டீச்சர் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "பின்னால நிக்கற பிள்ளையை நாம திரும்பித் திரும்பிப் பார்க்கறோமுங்க. முன்னால போன பிள்ளை தனியாப் போயிட்டிருக்குது. அதுக்கும் சின்ன வயசுதானே."

அவர் வந்து ஐந்தாறு வருடம் இப்படியே போனது. ஃபிளக்ஸில் என் படம் வந்தது. பிள்ளைகள் போய் நின்றது அவருடைய அறை வாசலில்.

அதன்பின் என் மகள் நிவேதா ஏழாம் வகுப்புக்கு வந்தாள். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஜூனில் தாள் எழுதினாள். அறைக்குப் போகிறவர்களின் பெயர்கள் வந்தபோது அவள் பெயர் இல்லை. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஜமீலா டீச்சரிடம் கேட்டேன்.

"நிவியை ஏனுங்க விட்டுட்டீங்க?"

"நிவி நல்லாப் படிக்கறவதானுங்க. அவளுக்குக் கிளாஸ்ல நடக்கறதே போதும். சந்தோஷமா இருக்கறா. மத்தியானம் கபடி விளையாடறா. அதைப் போய் நிறுத்த வேண்டாம்னு பார்த்தேன்."

"மார்க்கைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனுங்க."

"அப்புறம்?"

அவர் பைக்குள்ளிருந்து தாள்களை எடுத்து, ஒன்றைத் தேடி என் முன்னால் வைத்தார். என் மகளின் அச்சடித்த எழுத்து. 'ஸ்காலர்ஷிப் கிடைக்கவில்லை என்றால் அம்மா எத்தனை நாள் பேசாமல் இருப்பார்கள்?'

"இதை உங்ககிட்டக் காட்டறதா வேண்டாமான்னு எனக்கே தெரியலைங்க. அவ என்னை நம்பி எழுதினது. ஆனா இதுக்கு என்னால பதில் தேடிக் குடுக்க முடியாது பாருங்க."

அவர் சொன்னதில் கேலி இல்லை. அதுவே என்னால் தாங்க முடியாததாக இருந்தது. என் வயிற்றில் பிறந்தவள், எனக்குச் சொல்லாததை எதிர் மேஜைக்காரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்தத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் நிவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று நாள் சரியாகப் பேசவும் இல்லை. அவள் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதே வருடம் ஓணம் விடுமுறை முடிந்து இசக்கியம்மாள் நிவியின் வகுப்பில் வந்து சேர்ந்தாள். அவளுடைய அப்பா சுடலைமுத்து சக்குபள்ளத்தில் ஏலத்தோட்ட வேலையை விட்டுவிட்டு, எங்கள் பக்கத்தில் ஒரு மாந்தோப்புக்குக் காவலாளாக வந்திருந்தார். அம்மா இல்லை. அவள் பேசும் தமிழைக் கேட்டு வகுப்பு சிரித்தது, இரண்டாம் நாளிலிருந்து அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஜமீலா டீச்சர் மட்டும் வராந்தாவில் நிறுத்தி, எந்தத் தோட்டம், எந்த லயத்தில் வீடு என்று விசாரிப்பார். அதற்கு மட்டும் பதில் சொல்வாள்.

என் வகுப்பில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நோட்டில் விடை மட்டும் இருக்கும், வழி இருக்காது. கிறிஸ்துமஸ் தேர்வில் அவளுக்கு ஐம்பதுக்கு ஒன்பது போட்டேன். பத்துக் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மார்க். ஒன்பது கணக்குக்கு வெறும் விடை மட்டும் எழுதியிருந்தாள். வழி எழுதாத விடைக்கு ஒரு மார்க் என்பது என் சட்டம். பத்தாவது கணக்குக்கு நேரே 'இது வராது' என்று எழுதியிருந்தாள். அதற்குப் பூஜ்யம். சுடலைமுத்துவை வரச் சொல்லி, பிள்ளை பின்தங்கியிருக்கிறாள், சாயங்காலம் பின்தங்கியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் உட்கார வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

விடைத்தாள்கள் என் மேஜையில் கிடந்தன. ஜமீலா டீச்சர் அவளுடைய தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டீச்சர், எனக்குக் கணக்கு வராது. கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஒன்பது விடையும் சரிங்களா?"

"சரிதானுங்க. பார்த்து எழுதியிருப்பா."

"யாரைப் பார்த்து? ஒன்பதும் சரியா எழுதினவங்க வேற யாராச்சும் இருக்காங்களா?"

இல்லை. நிவிக்கே ஏழுதான் சரி.

"இந்தப் பத்தாவது கணக்கு வருமுங்களா?"

"வராம எப்படிங்க?" என்று பேனாவை எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க நான் போட்டேன். வரவில்லை. மறுபடி போட்டேன். அச்சில் ஒரு எண் மாறியிருந்தது. அந்தக் கணக்குக்கு விடையே கிடையாது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஏதோ ஒரு விடையை எழுதி வைத்திருந்தார்கள், நானும் வழியைப் பார்த்து இரண்டு, மூன்று என்று மார்க் போட்டிருந்தேன். விடை இல்லை என்று சொன்ன ஒரே பிள்ளைக்குப் பூஜ்யம்.

ஜமீலா டீச்சர் இசக்கியைக் கூப்பிட்டு என் முன்னாலேயே நிறுத்தினார். "பயப்படாதம்மா. முப்பத்தேழையும் நாப்பத்து மூணையும் பெருக்கி எப்படி ஆயிரத்து ஐந்நூத்துத் தொண்ணூத்தொண்ணுன்னு எழுதினே? டீச்சருக்குச் சொல்லு."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நாப்பது வரிசை, வரிசைக்கு நாப்பது குழின்னு வச்சுக்கிடுதது. அதுல மூணு வரிசையத் தூக்கிப் பக்கவாட்டுல போட்டா முப்பத்தேழு வரிசை ஆயிரும், வரிசைக்கு நாப்பத்து மூணு. ஒம்பது குழி மிஞ்சும். ஆயிரத்தறுநூறுல ஒம்பது போச்சுன்னா அதான்."

தோட்டத்தில் அப்பா குழி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை தானாகக் கண்டுபிடித்தது அது. நான் ஒன்பதாம் வகுப்பில் எழுத்துக்களை வைத்துச் சொல்லிக் கொடுக்கும் சூத்திரம். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கணக்கு டீச்சரான எனக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால் அந்த நிமிடத்தில் ஜமீலா டீச்சரின் முகத்தைத்தான் பார்த்தேன். அவருக்கு அவள் சொன்னதில் பாதி புரிந்திருக்காது. இருந்தாலும் முகம் மலர்ந்திருந்தது. என் வகுப்பில், என் பாடத்தில், நான் மூன்று மாதமாகப் பார்க்காததை அவர் பார்த்துவிட்டார்.

மறுவாரத்திலிருந்து இசக்கி அந்த அறைக்குப் போக ஆரம்பித்தாள். அதில் ஒரு நாள் என் பீரியடாக அமைந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. பி.டி.ஏ. கூட்டத்தில் இரண்டு மூன்று பெற்றோர்களிடம் பேச்சுவாக்கில் சொன்னேன், சில பிள்ளைகளை மட்டும் தனியே கூட்டிப்போய் உட்கார வைக்கிறார்கள், உங்கள் பிள்ளை ஏன் இல்லை என்று கேட்டீர்களா என்று. அவர்களுக்குக் கோபம் வந்தது. மேலிடத்துக்குப் புகார் சொல்லிப் பராதி எழுத வேண்டும் என்றார்கள். எழுதத் தெரியவில்லை என்றார்கள். நான் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகளிடையே பேதம் காட்டுகிறார் என்று ஒரு வரி அதில் உண்டு. அவர்கள் கையெழுத்துப் போட்டு உபஜில்லா கல்வி ஆபீசுக்கு அனுப்பினார்கள். ஒரு அதிகாரி வந்து விசாரித்துவிட்டு, பள்ளி நேரத்தில் தனி வகுப்பு கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அறையைப் பூட்டினார்கள்.

பத்து நாள் கழித்து நிவி சொன்னாள், "அம்மா, இசக்கி ஸ்கூலுக்கே வர்றதில்லை." வந்துவிடுவாள் என்றேன். பிப்ரவரி பாதியாகியும் அவள் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை முற்பகலில் ஜமீலா டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் வந்ததில்லை. காப்பி வேண்டாம் என்றார். உட்காரவும் இல்லை.

"பராதியோட நகலை ஹெட்மாஸ்டர் காட்டினாருங்க. எழுத்து உங்களுது."

நான் நாற்காலியை அவர் பக்கம் தள்ளிப் போட்டேன்.

"என் மேல எரிச்சல்னா என்கிட்டச் சண்டை போட்டிருக்கலாம். நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், முடிஞ்சு போயிருக்கும். பிள்ளை மேல விழுந்திருச்சு பாருங்க." அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "ரெண்டு தடவை தோப்புக்குப் போயிட்டு வந்தேன். அவங்கப்பா என்னை உள்ளயே விடலை. இந்த டீச்சராலதான் பிள்ளை பேரு ஆபீஸ் வரைக்கும் போச்சுன்னு நினைக்கறாரு. கணக்கு டீச்சர் சொன்னாத்தான் கேப்பாரு. நீங்க வரோணும்."

போனேன். எதற்காகப் போனேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் முன்னால் இன்னும் சிறுத்துப்போகக் கூடாது என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

மாமரங்களுக்கு நடுவே தகரக் கொட்டகை. இசக்கி விழுந்த காய்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். சுடலைமுத்து கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டார்.

"இருங்க டீச்சர். புள்ளைய இனிமே அனுப்புததா இல்ல. சக்குபள்ளத்துல என் தங்கச்சி இருக்கா. காய் முடிஞ்சதும் அங்க கொண்டு விட்டுருவேன். தோட்டத்துக்குப் போவா."

"இசக்கி நல்லாப் படிக்கற பிள்ளைங்க" என்றேன். "கணக்குல அவளை மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததில்லை."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "ஒம்பது மார்க்குன்னு நீங்கதான சொன்னிய. புள்ள பின்னால கெடக்கா, தனியா உக்கார வைன்னு நீங்கதான சொன்னிய. இந்த டீச்சர் புள்ள கெட்டிக்காரின்னாவ. ஆபீசர் வந்து அப்படியெல்லாம் தனியா வைக்கப்படாதுன்னாவ. இப்ப நீங்க வந்து இப்படிச் சொல்லுதிய. நான் எதை நம்புதது?"

ஜமீலா டீச்சர் என் பக்கம் திரும்பினார். நான்தான் சொல்லியாக வேண்டும் என்று தெரிந்தது.

"நான் போட்ட மார்க் தப்புங்க. அவ எழுதினது சரி. கேள்வியே தப்பு, அது அவளுக்குத் தெரிஞ்சுது, எனக்குத் தெரியலை." மீதியையும் சொன்னேன். "ஆபீசுக்குப் பராதி எழுதிக் குடுத்ததும் நான்தான். இந்த டீச்சர் மேல தப்பில்லை."

சுடலைமுத்து மரத்துக்குப் பின்னால் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார். "டீச்சருக்கே தெரியாதது உனக்குத் தெரிஞ்சுதாட்டீ?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "திங்கக்கெழமை வருவா" என்றார்.

திரும்பி வரும்போது ஜமீலா டீச்சரும் நானும் பஸ் நிற்கும் இடம் வரை நடந்தோம். பஸ் வந்ததும், "அதைச் சொல்ல என்னால முடிஞ்சிருக்காதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப்போனார். அவர் எனக்குச் சொன்ன ஒரே பாராட்டு அது. அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

அதன்பிறகு அவர் ஒரு வழி சொன்னார். தனி அறை கூடாது என்றால் வகுப்பிலேயே செய்யலாம். மற்றவர்கள் பயிற்சிக் கணக்குப் போடும்போது இசக்கிக்கு வேறு தாள். நான் கடினமான கணக்குகளாகத் தேடித் தயாரித்தேன். ஒரு வருடத்துக்குள் அவள் என்னைத் தாண்டிவிட்டாள். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் அவள் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. "அதெல்லாம் உனக்கு இப்ப வேண்டாம்" என்றேன். அவள் நோட்டை மூடிக்கொண்டாள். ஸ்டாஃப் ரூமில் ஜமீலா டீச்சரிடம் இதைச் சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னேன். அவர், "தெரியலைன்னே சொல்லிப் பாருங்க டீச்சர். ஒண்ணும் ஆகாது. நான் தினமும் சொல்றேன்" என்றார்.

அவருக்கு அது சுலபம். சோஷியல் டீச்சருக்குக் கணக்கு தெரியாததில் வெட்கமில்லை. எனக்கு அப்படியா? பிள்ளையின் மேலேயே எனக்குப் பொறாமை இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஜமீலா டீச்சர் பாலக்காட்டில் ஒரு கல்லூரிக் கணிதப் பேராசிரியரைத் தேடிப் பிடித்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை இசக்கியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போவார். மூன்று வருடம் போனார். உள்ளே இசக்கியும் பேராசிரியரும் கணக்குப் போடுவார்கள், வெளியே வராந்தா பெஞ்சில் இவர் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "நீங்களும் வாங்களேன், உங்களுக்காச்சும் புரியும்" என்று என்னை இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார். வீட்டில் வேலை என்றேன். புரியாதவர் மூன்று வருடம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புரிந்திருக்கக்கூடிய நான் ஒரு சனிக்கிழமைகூடப் போகவில்லை. இசக்கி தன் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசியில் நன்றி சொன்னபோது அந்த பெஞ்சைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாள். எனக்கும் அனுப்பியிருந்தாள். கட்டுரையில் முதல் பக்கம் தாண்டி எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஒரு வரி புரிந்தது.

அவர் படுத்த பிறகு இரண்டு முறை கொல்லங்கோட்டுக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டாம் முறை அவர் இசக்கியைப் பற்றிப் பேசவே இல்லை. சக்குபள்ளத்தில் இருந்தபோது பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிப் பேசினார். ஒன்பதாம் வகுப்பில் மூன்று மொழியில் சொந்தமாகக் கதை எழுதியவளாம். பத்தாவது முடித்ததும் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்களாம்.

"அவகிட்ட உனக்குப் பெரிய மூளைன்னு நான்தானுங்க சொன்னேன். சொன்னதோட சரி. அப்ப எனக்கு யாரைப் போய்ப் பாக்கறதுன்னே தெரியலை. சொல்லாமலே இருந்திருந்தா அவளுக்கு இத்தனை வலி இருந்திருக்காது." பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கண்டுபிடிக்கறது பெரிய காரியமில்லீங்க. அப்புறம் கூடவே போகோணும்" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து வரும்போது கேட்டார், "நிவிக்கு முதுகு வலி எப்படி இருக்குது?" நிவி கோயமுத்தூரில் பிசியோதெரபிஸ்ட். அவளுக்கு முதுகு வலி என்பது எனக்குத் தெரியாது. மாதம் ஒரு முறை ஜமீலா டீச்சருக்கு அவள் போன் செய்வாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இறந்த அன்று நான் போய்ச் சேரும் முன்பே நிவி அங்கே இருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. பெண்கள் இருந்த அறையில் பழைய மாணவிகள் கூடி உட்கார்ந்து, ஜூன் மாதம் அரைத்தாளில் தாங்கள் எழுதிய கேள்விகளை ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். ஒருத்தி என்னைப் பார்த்து மரியாதையாக எழுந்து இடம் விட்டு, "உங்க கிளாஸ்ல எல்லாரும் பாஸாயிட்டோம் டீச்சர்" என்றாள். இசக்கி மத்தியானம் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியளா டீச்சர்?" என்று கேட்டாள். பிறகு போய் ஜமீலா டீச்சரின் தங்கை பக்கத்தில், வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இறந்து கிடப்பவர் மேல் ஒருத்தி பொறாமைப்பட முடியுமா என்று கேட்டால், முடியும்.

பள்ளியில் எனக்கு இது கடைசி வருடம். அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம், ஆறாம் வகுப்பில் பின்னக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு நடந்துகொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எல்லாவற்றையும் தப்பாகப் போட்டிருந்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஏனோ அடிக்கவில்லை. எல்லாத் தப்பும் ஒரே மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். அவள் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தாள், அதில் ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்குகிறது. அந்த இடம் ஏன் சறுக்குகிறது என்று அவள் என்னைக் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். "எனக்குத் தெரியலை கண்ணு. நாளைக்கு ரெண்டு பேரும் பார்க்கலாம்" என்றேன். முப்பது வருட வேலையில் ஒரு பிள்ளையிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. ஒன்றும் ஆகவில்லை.

ஜமீலா டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பார்வையும், இதோடு சேர்ந்தே வரும் பொறாமையும். இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் நோட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கு ஸ்டாஃப் ரூமுக்கு வேகமாக நடந்தேன். எதற்கு அவ்வளவு வேகம் என்று உள்ளே நுழைந்த பிறகுதான் புரிந்தது. எதிர் மேஜையில் புதிதாக வந்த டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். இந்தப் பிள்ளையை நான்தான் முதலில் பார்த்தேன் என்று ஜமீலா டீச்சரிடம் சொல்வதற்காகத்தான் அத்தனை வேகமாக வந்திருக்கிறேன்.